முள்ளைப் பார்த்து வண்டியை நிறுத்தியவள்

என் தங்கச்சியைப் பற்றி இந்த ஊரில் ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். மலை ஏறப் பயந்து பாதி வழியில் காரை நிறுத்தியவள் என்று ஒருத்தர் சொல்வார். அண்ணன் பட்டறை வைத்திருக்கிற திமிரில் டிரைவர் சங்கத்தையே எதிர்த்தவள் என்று இன்னொருத்தர் சொல்வார். இரண்டையும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிற்று. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். ஆனாலும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் பார்க்காதவன் சொல்வதுதான் நிலைக்கும். அதனால் எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் பட்டறைக்கு வந்து நேரில் பேசலாம். இடம் எல்லோருக்கும் தெரியும்.

வாடகைக் கார் ஸ்டாண்டில் அவளை மலைக்காரி என்பார்கள். கீழே எங்கள் ஊர். மேலே, வளைந்து வளைந்து ஏறினால், மலை ஊர். மலை ஊரில் இருக்கிற சிறுநீரக நோயாளிகளைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செய்யக் கூட்டி வருவதும், முடிந்ததும் மேலே கொண்டுபோய் விடுவதும் அவள் வேலை. ஸ்டாண்டில் அதற்கு ஆஸ்பத்திரி ஓட்டம் என்று பெயர். மழையோ வெயிலோ, தவறாமல் இருக்கிற சவாரி. அதை வைத்துத்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

அந்த ஓட்டம் முதலில் அவள் புருஷனுடையது. மாப்பிள்ளை நல்ல டிரைவர்தான், குறை சொல்ல மாட்டேன். சர்க்கரை வியாதி அவர் கண்ணில் கைவைத்துவிட்டது. ஒரு நாள் ஸ்டாண்டில் நின்றிருந்த லாரியை மரம் என்று நினைத்து அதன் நிழலில் ஒதுங்கி நின்றார். லாரி கிளம்பிப் போன பிறகும் அங்கேயே நின்றார். அதைக் கேள்விப்பட்ட அன்றைக்கே என் தங்கச்சி அவர் முன்னால் போய்க் கையை நீட்டினாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"சாவியைக் குடுங்க."

"எதுக்கு?"

"ஓட்டப் போறேன்."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"இத்தனை வருஷம் பக்கத்துல உக்காந்து நீங்க பண்ற தப்பையெல்லாம் பாத்திருக்கேன். அதையெல்லாம் விட்டுட்டா மிச்சம் சரியாத்தானே இருக்கும்?"

மாப்பிள்ளை சாவியைக் கொடுத்துவிட்டார். வேறு என்ன செய்வார்? முறையாகப் பழகி, லைசென்ஸ் எடுத்து, பேட்ஜ் வாங்கி, ஸ்டாண்டில் வரிசையில் போய் நின்றாள். முதல் நாள் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் இரண்டு பேருடைய வண்டியும் அப்போது என் பட்டறையில் பிரித்துப் போட்டபடி கிடந்தது. மறுநாள் இரண்டு பேரும் "வாங்கக்கா" என்று இடம் விட்டார்கள். அது தானாக நடந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்.

இனி மீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

மாப்பிள்ளையின் பழைய காரில், ஆயில் குறைந்தால் எரிகிற சிவப்பு விளக்கு ஒன்றுதான் உண்டு. ஒரு நாள் காலை நோயாளிகளைக் கூட்டி வரும் வழியில் அந்த விளக்கு எரிந்தது. இவள் உடனே ஓரம் கட்டினாள். அதற்குள் இன்ஜின் கடகடவென்று அடித்துக்கொண்டு இறுகிப்போயிற்று. பின் சீட்டில் ரிடையர் ஆன டீச்சரம்மா ஒருவர் இருந்தார். ரோட்டோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து, வேறு வண்டி கிடைக்கக் காத்திருந்து, டயாலிசிஸ் நேரம் தப்பி, நுரையீரலில் நீர் ஏறி, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்து வந்தார். என் தங்கச்சி ஆஸ்பத்திரி வாசலை விட்டு நகரவில்லை. பிறகு பட்டறைக்கு வந்து உட்கார்ந்து சொன்னாள்:

"அந்த விளக்கு வாயைத் திறக்கும்போது சொல்றதுக்கு ஒண்ணுமே மிச்சம் இல்ல அண்ணே. எனக்கு முன்கூட்டியே சொல்ற சாமான் வேணும்."

அடுத்து வாங்கியது ஒரு டீசல் கார். உடம்பு கெட்டி, நெஞ்சில் மட்டும் பலம் போதாது. நாலு பேர் ஏறினால் மலையில் முனகும். நான் அதற்கு டர்போ போட்டேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை: இந்த வட்டாரத்தில் டர்போ இல்லாத இன்ஜினில் டர்போ உட்கார வைத்த முதல் ஆள் நான்தான். வெளியே வீணாகப் போகிற சூட்டுப் புகையை வைத்தே ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அந்த வேகத்தில் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிற சாமான் அது. இன்ஜினியர் படித்தவர்களே வேண்டாம் என்று சொன்ன வேலை. போட்டேன், ஓடியது. முனகிய கார் மலையில் விசிலடித்துக்கொண்டு ஏறியது. ஆனால் பலம் ஏறினால் சூடும் ஏறும். அளவு மீறினால் பிஸ்டன் மெழுகு மாதிரி உருகும். அப்படிப்பட்ட வண்டியைக் கம்பெனி கொடுத்த ஒற்றை விளக்கை நம்பி ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான். அதனால் மீட்டர் வாங்கப் போனோம்.

கார் அலங்காரச் சாமான் விற்கிற கடை அது. சுவர் முழுக்க மீட்டர். பச்சை, நீலம், ஊதா என்று கண்ணைப் பறித்தது. கடைக்காரன் மேலே தொங்கிய ஒன்றை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"அக்கா, இதைப் பாருங்க. ஏழு கலர் மாறும். பாட்டு போட்டா பாட்டுக்கு ஏத்த மாதிரி மின்னும்."

"பாட்டுக்கு மின்னுறது இருக்கட்டும் தம்பி. சூடு ஏறினா மின்னுமா?"

"அதுக்கு இது. காத்தும் எரிபொருளும் எப்படிக் கலக்குதுன்னு காட்டும். ரேஸ்காரங்க எல்லாம் இதைத்தான் வாங்கறாங்க."

எனக்கு வந்ததே கோபம்! "ஏம்ப்பா, வண்டி டீசலா பெட்ரோலான்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ?" என்று கத்தினேன். கடையில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பெட்ரோல் காரில் டர்போ போட்டாலும் சரி, இன்ஜின் பெல்ட்டாலேயே சுற்றிக் காற்றைத் தள்ளுகிற சூப்பர்சார்ஜர் போட்டாலும் சரி, அந்தக் கலவை மீட்டர் உயிர் மாதிரி. பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் இன்ஜின் வெந்துவிடும், அது கண்ணுக்குத் தெரியவேண்டும். டீசல் கணக்கே வேறு. அதற்குப் புகையின் சூட்டைக் காட்டுகிற மீட்டர்தான் வேண்டும். எதற்கு எது என்று தெரியாமல், கலரைக் காட்டிச் சாமானைத் தலையில் கட்டுகிறார்கள். கேட்டால் ரேஸ்காரன் வாங்குகிறானாம். இவள் என்ன ரேஸுக்கா போகிறாள்?

அடுத்த சண்டை எனக்கும் என் தங்கச்சிக்கும். முன்கண்ணாடி ஓரத்துத் தூணில் இரண்டு மீட்டருக்குத்தான் இடம். மூன்றாவது வைத்தால் வளைவில் எதிரே வருகிற வண்டி மறையும்.

"முதல்ல பூஸ்ட் மீட்டரை எடு" என்றேன். டர்போ எவ்வளவு காற்று தள்ளுகிறது என்று காட்டுவது அது.

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்? டர்போ போட்டுட்டு பூஸ்ட் மீட்டர் இல்லாம எவனாவது ஓட்டுவானா?"

"அதுதான் விசில் அடிக்குதே, காது கேக்குது. இழுவை குறைஞ்சா சீட்ல சாஞ்ச முதுகுக்குத் தெரிஞ்சுடும். ஆயில் அழுத்தமும் புகைச் சூடும்தான் காதுக்கும் தெரியாது, முதுகுக்கும் தெரியாது. அந்த ரெண்டையும் எடுங்க."

"டர்போவைப் போட்டவன் நான் சொல்றேன்."

"ஓட்டப் போறவ நான் சொல்றேன்."

கடைக்காரன் களுக்கென்று சிரித்தான். நான் ஒரு முறை முறைத்தேன், சிரிப்பை விழுங்கிவிட்டான். இன்றைக்கும் என் கட்சி பூஸ்ட் மீட்டர்தான். இன்னொன்றுக்கு இடம் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். ஆனால் இரண்டுதான் என்றால் அவள் எடுத்த இரண்டையும் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயில் மீட்டரில்கூட, கொதிக்கிற ஆயிலையே மெல்லிய குழாயில் டாஷ்போர்டு வரை கொண்டுவருகிற வகையை ஒதுக்கிவிட்டாள். குழாய் வெடித்தால் நோயாளி மடியில் கொட்டும் என்றாள். ஒயர் மட்டும் உள்ளே வருகிற வகையை எடுத்தாள். எண் ஓடுகிற டிஜிட்டலையும் தொடவில்லை. எண்ணை நின்று படிக்க வேண்டும்; முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே தெரிந்துவிடுமாம். வெள்ளைத் தட்டு, கறுப்பு எண், சிவப்புக் கோடு. அவ்வளவுதான். கடையிலேயே அழகில் கடைசி அவை இரண்டும்.

மாட்டும்போது ஒரு வேலை சொன்னாள். வண்டி ஒழுங்காக ஓடும்போது இரண்டு முள்ளும் நேராக மேலே பார்த்து நிற்கிற மாதிரி மீட்டரையே அது உட்கார்கிற கிண்ணத்துக்குள் திருப்பி வைக்கச் சொன்னாள். தட்டில் எண்கள் கோணலாகத் தெரிந்தன. பார்க்கிறவன் எல்லாம், "என்ன அண்ணாச்சி, மீட்டரைச் சாய்ச்சு மாட்டியிருக்கீங்க?" என்று கேலி பண்ணினான். கேலி பண்ணியவன் ஒருத்தனுக்கும் விஷயம் புரியவில்லை. இரண்டு முள்ளும் நிமிர்ந்து நின்றால் எல்லாம் நலம். எண்ணே பார்க்க வேண்டாம்.

சூட்டு மீட்டரின் சென்சாரை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய விஷயம். இன்ஜினிலிருந்து புகை வெளியே வருகிற இடத்தில், டர்போவுக்கு முன்னால் வைக்க வேண்டும். அதற்கு அந்த இரும்புக் குழாயையே கழற்றி வெளியே எடுத்துத் துளை போட வேண்டும். கழற்றாமல் துளைத்தால் இரும்புத்தூள் டர்போவுக்குள் போய் அதைக் கடித்துத் துப்பிவிடும். துருப்பிடித்த போல்ட்டுகளோடு ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிற வேலை. சோம்பேறிப் பட்டறைக்காரர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? டர்போவுக்குப் பின்னால், கைக்கு எட்டுகிற சைலன்சர் குழாயில் சுலபமாக ஒரு துளை போட்டு மாட்டி அனுப்பிவிடுவார்கள். ஒரு பங்குச் சூட்டை டர்போ தின்றுவிட்டு மீதியைத்தான் பின்னால் விடும். மீட்டர் நூறு டிகிரிக்கும் மேலே குறைத்துக் காட்டும். மாட்டியவன் கல்லாவைப் பூட்டிக்கொண்டு போய்விடுவான். ஓட்டுகிறவன் மீட்டரை நம்பி மிதிப்பான். இது தொழிலா, துரோகமா? நான் கழற்றித்தான் போட்டேன். என் பட்டறையில் வேறு மாதிரி கிடையாது.

கார் நன்றாக ஓடியது. டீச்சரம்மா மறுபடி ஏறினார். இரண்டு முள்ளும் நிமிர்ந்து நின்றன.

எங்கள் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலம் முடிந்ததும் ஆஸ்பத்திரி ஓட்டம் வேண்டும் என்கிறவர்கள் எல்லோரும் சங்க நிர்வாகிகளை ஏற்றிக்கொண்டு, கீழே பாலத்திலிருந்து மேலே தண்ணீர்த் தொட்டி வரைக்கும் எங்கேயும் நிற்காமல் ஏறிக் காட்ட வேண்டும். நடுவில் நின்றால் அந்த வருஷம் ஓட்டம் கிடையாது. நோயாளியோடு வழியில் நிற்கிற வண்டி வரக்கூடாது என்று யாரோ நல்ல எண்ணத்தில் போட்ட விதி. விதி நல்லதுதான். அதைப் பிடித்துக்கொண்டிருந்த கைகள்தான் சரியில்லை.

அந்த வருஷம் முன் சீட்டில் சங்கச் செயலாளர் உட்கார்ந்தார். பின்னால் பொருளாளரும் இன்னும் இரண்டு பேரும். பொருளாளர் ஒருவரே இரண்டு பேருக்குச் சமம். போதாததற்கு டிக்கியில் மணல் மூட்டை வேறு. மொட்டை வெயில் நேரம். நோயாளிகள் நாலு பேரைச் சேர்த்து எடை போட்டாலும் பொருளாளரின் பாதி வராது. ஆனாலும் இவள் முகத்தைச் சுளிக்காமல் கிளம்பினாள். நான் பின்னால் என் ஸ்கூட்டரில் போனேன்.

பாதி மலை வரைக்கும் பிரச்சினை இல்லை. பாறை வளைவு வந்தது. இருக்கிறதிலேயே செங்குத்தான இடம். சூட்டு முள் சாய ஆரம்பித்தது. கியரைக் குறைத்து, காலைத் தளர்த்தினாள், கொஞ்சம் இறங்கியது. மறுபடி ஏறிச் சிவப்பைத் தொட்டது. தொட்ட முள் இறங்கவில்லை. அவள் இன்டிகேட்டர் போட்டு, வளைவு தாண்டி அகலமான இடத்தில் ஓரம் கட்டி, இன்ஜினை அணைக்காமல் மெதுவாக ஓடவிட்டாள். அணைக்கவும் கூடாது, காய்ந்த டர்போவுக்குள் ஆயில் ஓட வேண்டும்.

செயலாளர் ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தார். "என்னம்மா, இங்க உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"இன்ஜின் ஆறணும்."

"ஆத்திக் குடிக்கறதுக்கு அது என்ன டீயா?"

பின் சீட்டில் மூன்று பேரும் சிரித்தார்கள். வண்டியே குலுங்கியது.

"மீட்டர் சிவப்புக்குப் போயிடுச்சு சார். ஒரு பாட்டு முடியற நேரம் போதும், ஏறிடலாம்."

"மீட்டருக்கெல்லாம் சங்கம் பதில் சொல்ல முடியாதும்மா. நின்னா நின்னதுதான்."

அவள் சொன்னபடியே முள் இறங்கியது, ஏறிவிட்டாள். ஆனால் தோற்றவள் என்று எழுதிவிட்டார்கள். ஓட்டம் யாருக்குப் போயிற்று தெரியுமா? செயலாளரின் மச்சினனுக்கு. அவன் வண்டியும் அன்றைக்குத்தான் ஏறியது. பாறை வளைவில் பின்னால் போன என் முகமெல்லாம் கரி, அப்படிக் கறுப்புப் புகை. அவன் வண்டியில் மீட்டர் என்று ஒன்றே கிடையாது. இன்ஜின் உள்ளே என்ன பாடு பட்டதோ, அதற்கு வாயும் இல்லை. பார்க்காமல் மிதித்தவன் ஜெயித்தான். பார்த்து நிறுத்தியவள் தோற்றாள். இந்த நியாயத்தை எந்தக் கடையில் வாங்கினார்கள்?

ஸ்டாண்டில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். "அவ வண்டிக்கு டிரைவர் அவ இல்லப்பா, அந்த முள்ளுதான்" என்றான் ஒருவன். "வீட்ல புருஷன் பேச்சையே கேக்காதவ, முள்ளு சொன்னா கேக்கறா பாரு" என்றான் இன்னொருவன்.

நான் நேராகச் செயலாளரைப் பிடித்தேன். கையில் ஸ்பேனர் இருந்தது. மிரட்ட அல்ல, கீழே வைக்க மறந்துவிட்டேன். அவர் என் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, நீங்க பெரியவர். உங்ககிட்ட ஒளிவு மறைவு என்ன? அந்தச் சென்சாரை டர்போவுக்குப் பின்னாடி தள்ளி வெச்சுடுங்க. என் வண்டியில அப்படித்தான் இருக்கு. முள்ளு சிவப்புப் பக்கம் தலை வெச்சே படுக்காது. தங்கச்சி இன்னொரு தடவை ஏறட்டும், நான் பாத்துக்கறேன்."

தோளில் கிடந்த அவர் கையைத் தட்டிவிட்டேன். காய்ச்சல்காரனுக்கு வாயில் வைக்க வேண்டிய தெர்மாமீட்டரைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, காய்ச்சலே இல்லை என்று சொல்வதற்கு என்னைக் கூலிக்குக் கூப்பிடுகிறார்! அதுவும் பெரிய உதவி செய்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு! இந்தக் கையால் எத்தனை இன்ஜின்களுக்கு உயிர் கொடுத்திருக்கிறேன். அந்தக் கையிடம் கேட்கிற கேள்வியா இது?

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தங்கச்சி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாத்தி வெச்சா ஓட்டம் கிடைச்சுடுமா மச்சான்?" என்றார் மெதுவாக.

"கிடைக்கும்" என்றேன். பொய் சொல்ல முடியவில்லை.

அந்த வீட்டில் வேறு வருமானம் இல்லை. அவர் கண் மருந்துக்கும் அந்த ஓட்டம்தான்.

"கிடைக்கும்தான்" என்றாள் என் தங்கச்சி, மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தபடி. "அப்புறம் ஒரு நாள் டீச்சரம்மாவை மறுபடியும் கல்லுல உக்கார வெக்கறேன். நீங்க வந்து விசிறி விடுங்க."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவரே சொன்னார்: "அந்தாளு ஏன் அவரு வண்டியில பின்னாடி வெச்சிருக்காருன்னு தெரியுமா? சிவப்பைப் பாத்தா அவருக்குக் கால் நடுங்கும். கூட ஓட்டினவன் நான், எனக்குத் தெரியும்."

என் தங்கச்சி துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

மறுநாள் சங்கக் கூட்டம். எல்லா டிரைவர்களும் இருந்தார்கள். அவள் நடுவில் வந்து நின்று சாவியை மேசை மேல் வைத்தாள். "நான் பயந்து நிறுத்தினேன்னு சொல்றீங்க. சரி. பயப்படாத ஆள் ஓட்டிக் காட்டட்டும். அதே வண்டி, அதே அளவு ஆளுங்க, அதே மணல் மூட்டை. செயலாளர் சாரே ஓட்டட்டும். நிக்காம மேல போயிட்டா, இந்த ஜென்மத்துல ஆஸ்பத்திரி ஓட்டம் கேக்க மாட்டேன். நின்னுட்டா ஓட்டத்தை எனக்கே திருப்பித் தரணும்."

நான் பதறிவிட்டேன். இதை அவள் என்னிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டேன். அந்தாள் வீம்புக்கு மிதித்துத் தள்ளினால் இன்ஜினும் போகும், ஓட்டமும் போகும்.

செயலாளர் சுற்றிலும் பார்த்தார். ஐம்பது கண் அவர் மேல் இருந்தது. "இதென்ன பெரிய வித்தை?" என்று சாவியை எடுத்தார்.

அதே வெயில். இந்தத் தடவை அவர் ஸ்டியரிங்கில், இவள் பக்கத்தில். பின்னால் பொருளாளரும் மச்சினனும் நானும், பொருளாளர் விட்ட இடத்தில். கிளம்பும் முன் அவள் ஒன்று சொன்னாள்: "சார், சிவப்புக்குப் போனாலும் நீங்க மிதிங்க, நான் தடுக்க மாட்டேன். இன்ஜின் போச்சுன்னா நாளைலேர்ந்து டீச்சரம்மாவை நீங்க முதுகுல தூக்கிட்டு இறங்குங்க. அவ்வளவுதான்."

"போம்மா, போம்மா" என்றார்.

பாலத்திலிருந்து நன்றாகத்தான் ஏறினார். பாட்டுகூட முனகினார். ஏற்றம் கூடக் கூட முனகல் நின்றது. அவர் கண் தூண் பக்கம் போய்ப் போய் வந்தது. பாறை வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, வெயில் கூசுகிறது என்று சொல்லி, மீட்டர் மேலே தொங்கவிட்டார்.

"வெயில் அந்தப் பக்கம் சார்" என்றாள் என் தங்கச்சி.

அவர் காதில் வாங்கவில்லை. வளைவில் திரும்பினோம். டர்போ விசில் அடித்தது. பொருளாளர் முன்னால் குனிந்து, "என்னய்யா ஆச்சு, எவ்வளவு காட்டுது?" என்றார்.

"தெரியல, மூடியிருக்கு" என்றான் மச்சினன்.

"மூடினா தெரியாதா? சூடு குறைஞ்சுடுமா?" என்று பொருளாளர் கேட்டார். அவர் நிஜமாகவே கேட்டார் என்று நினைக்கிறேன். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் இன்ஜின் வேகிறது. அதை என் கையால் கோத்திருக்கிறேன். ஒவ்வொரு போல்ட்டும் எனக்குத் தெரியும்.

செயலாளர் இடது கையை நீட்டிக் கைக்குட்டையின் ஓரத்தை லேசாகத் தூக்கி எட்டிப் பார்த்தார். மறுபடி விட்டார். மறுபடி தூக்கினார். நெற்றியில் வியர்வை வழிந்தது. துடைக்கக் கைக்குட்டை இல்லை, அது மீட்டர் மேல் இருந்தது. மூன்றாம் தரம் தூக்கியபோது முள் சிவப்பைத் தாண்டிச் சாய்ந்து கிடந்தது. அவர் கால் தானாக மேலே வந்தது. கார் மெதுவாக ஓரம் போய், அன்றைக்கு அவள் நிறுத்திய அதே இடத்தில் நின்றது.

"அணைச்சுடாதீங்க சார்" என்றாள் அவள். "ஓடட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. நான் சிரிக்கப் போனேன். தங்கச்சி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அடக்கிக்கொண்டேன். முள் இறங்கியது. இரண்டும் நிமிர்ந்தன. செயலாளர் கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்துக்கொண்டு, "ஏறலாமா?" என்று அவளைக் கேட்டார். அவளைத்தான் கேட்டார். எனக்கு அது போதும்.

ஓட்டம் அவளுக்குத் திரும்ப வந்தது. அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். அடுத்த வாரம் ஸ்டாண்டில் பலகை தொங்குகிறது: ஏற்றத்தில் இன்ஜின் சூடானால் ஓரம் கட்டி ஆறவிட்டு ஏறலாம், அது தோல்வி ஆகாது. கீழே செயலாளர் கையெழுத்து. கூட்டத்தில் அவரே எழுந்து, "நம்ம உறுப்பினர்களோட நலனை நெனச்சு நான் ரொம்ப நாளா யோசிச்சு வெச்சிருந்த திட்டம் இது" என்று பேசுகிறார். கைதட்டல் வேறு! என் தங்கச்சி பேர் எங்கேயும் கிடையாது. பயந்தவள் என்ற கதையை மட்டும் யாரும் அழிக்கவில்லை. அதற்குப் பலகை கிடையாதா?

"விடுங்க அண்ணே" என்கிறாள் இவள். "நிறுத்தலாம்னு எழுதியாச்சுல்ல. இனிமே எவனும் வெக்கப்பட்டுக்கிட்டு மிதிக்க மாட்டான்."

விடுவதாம். எனக்கு விட வராது.

போன மாதம் செயலாளர் தன் காரையே என் பட்டறைக்கு ஓட்டி வந்தார். சென்சாரை முன்னால் மாற்றி வைக்க வேண்டுமாம். காத்திருக்க வைத்தேன்; நன்றாகக் காத்திருக்க வைத்தேன். பிறகு குழாயைக் கழற்றி, துளை போட்டு, பின்னால் இருந்த ஓட்டையை அடைத்து, என் தொழிலுக்கு என்ன மரியாதையோ அந்த மரியாதையோடு வேலையை முடித்துக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்து வாசலில் நின்று கத்துகிறார்.

"என்ன வேலை பண்ணி வெச்சிருக்கீங்க அண்ணாச்சி? இத்தனை வருஷமா ஒழுங்கா ஓடின வண்டி! நீங்க கை வெச்சதும் பாலம் தாண்டறதுக்குள்ள சிவப்புக்குப் போகுது!"

பாலம் தாண்டுவதற்குள் என்றால் அந்த இன்ஜின் எத்தனை வருஷமாக வெந்துகொண்டிருந்ததோ! பானெட்டைத் திறக்கச் சொன்னேன். காற்று வடிகட்டி தூசியில் அடைத்து, மூச்சு விட முடியாமல் கிடந்தது; அத்தனை சூட்டுக்கும் காரணம் அதுதான். எடுத்து அவர் காலடியில் தட்டினேன். பளபளவென்று இருந்த அவர் ஷூ வெள்ளையாகிவிட்டது.

அப்போதுதான் நோயாளிகளை இறக்கிவிட்டு வந்த என் தங்கச்சி, சாவியைச் சுழற்றிக்கொண்டே வாசலில் நின்றாள். "சார், நேத்து வரைக்கும் உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு யாரும் சொல்லல. இன்னிக்குச் சொல்லியிருக்காங்க. டாக்டரைத் திட்டினா எப்படி?" என்றாள்.

செயலாளர் ஷூவைப் பார்த்தார், வடிகட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "புதுசு ஒண்ணு மாட்டுங்க" என்றார். மாட்டினேன். வண்டியை எடுக்கும்போது ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆனால் பாறை வளைவில் அவர் கார் ஓரம் கட்டி நிற்பதை இப்போது பல பேர் பார்க்கிறார்களாம். பார்க்கிறவர்கள் யாரும் அவரைப் பயந்தவர் என்று சொல்வதில்லை. அனுபவசாலி என்கிறார்கள்.